அடுத்த வீட்டு நோட்டு

உ
பூவம்
24-6-1979

அன்பும் மதிப்பும் உள்ள அண்ணனுக்கு,

அல்லி வணங்கி எழுதுவது. நானும் அம்மாவும் சுகமாக இருக்கிறோம். அம்மாவுக்கு முழங்கால் மட்டும் அமாவாசை பௌர்ணமி பார்க்காமல் எல்லா நாளும் வலிக்கிறது. அண்ணியின் தலைச்சுற்றல் எப்படி இருக்கிறது, பிள்ளைகள் ஒழுங்காகச் சாப்பிடுகிறார்களா என்று எழுதுங்கள்.

காரைக்காலில் எங்கள் பள்ளி திறந்துவிட்டது. ஏழாம் வகுப்பு எனக்கு. தலைமையாசிரியர் மருதையன் சார் நீதிபோதனைப் பீரியடையும் என் தலையில் கட்டிவிட்டார். வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியட். போன வருஷம் வரை அந்த நேரத்தில் எல்லோரையும் எழுப்பி நிறுத்திப் பக்திப் பாட்டுப் பாட வைப்பார்கள். கபீரும் சலோமியும் வாயை மட்டும் அசைப்பார்கள். நான் அதைப் பார்த்துப் பார்த்துச் சலித்துப் போனேன்.

சர்க்கார் பள்ளிக்கூடத்தில் எந்தச் சாமியையும் கும்பிட வைக்கவும் கூடாது, எந்தச் சாமியையும் தெரியாது என்று நடிக்கவும் கூடாது என்று எனக்குப் படுகிறது. மாங்கனியும் தர்கா கந்தூரியும் மாதா கோயில் தேரும் ஒரே ஊரில் நடக்கின்றன. பக்கத்து வீட்டில் எதற்கு நோன்பு இருக்கிறார்கள் என்று தெரியாமல் ஒரு பிள்ளை எட்டாம் வகுப்புக்குப் போனால் அது எனக்கு வெட்கம். அதனால் ஆளுக்கு ஒரு நாற்பது பக்க நோட்டுப் போடச் சொன்னேன். அதற்குப் பெயர் அடுத்த வீட்டு நோட்டு. சீட்டுக் குலுக்கி, யாருக்கும் சொந்த மதம் வராதபடி ஆளுக்கு ஒரு விசேஷம் கொடுத்தேன். பக்கத்தின் உச்சியில் அவரவர் வழக்கப்படி பிள்ளையார் சுழியோ, சேசு மரி சூசைக்குச் சே.ம.சூ. என்றோ, 786 என்றோ போட்டுக்கொள்ளலாம். அதற்குக் கீழே எல்லோருக்கும் ஒரே சட்டம்: பார், கேள், எழுது. பார்த்ததைப் பார்த்தேன் என்று எழுத வேண்டும். கேட்டதை யார் சொன்னார் என்று பெயரோடு எழுத வேண்டும். நல்லது கெட்டது சொல்லக் கூடாது. கும்பிடுவதும் கும்பிடாததும் அவரவர் வீட்டுப் பாடு.

கொத்தனார் மரியசூசையின் இளைய மகள் சலோமிக்கு மாங்கனித் திருவிழா விழுந்தது. பன்னிரண்டு வயசு. கையைத் தூக்கினால் கேள்வி கேட்காமல் இறக்க மாட்டாள். "டீச்சர், அவங்க சொல்றத நான் நம்பணுமா?" என்றாள். "நம்பவும் வேணாம், நம்பாம இருக்கவும் வேணாம். அவங்க இப்புடிச் சொல்றாங்கன்னு மட்டும் எழுது" என்றேன். இத்தனை வருஷத்தில் என் வாயிலிருந்து வந்த உருப்படியான வார்த்தை அதுதான் என்று எனக்கே ஒரு பெருமை.

அண்ணிக்கும் பிள்ளைகளுக்கும் அன்பு.
உங்கள் தங்கை,
அல்லி


புதுச்சேரி
1-7-1979

அன்புத் தங்கை அல்லிக்கு,

அண்ணன் பூமிநாதன் ஆசியுடன் எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம். அஞ்சுகத்துக்குத் தலைச்சுற்றல் நின்றது, சின்னவனுக்கு முன்பல் விழுந்தது. அம்மாவுக்குத் தைலம் பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்பியிருக்கிறேன், வாங்கிக்கொள்.

நோட்டு விவகாரம் படித்தேன். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. நீதிபோதனை என்றால் பொய் சொல்லாதே, திருடாதே, பல் விளக்கு. அதோடு நிறுத்திக்கொள். கல்வித் துறை ஆபீசில் பதினோரு வருஷமாக ஃபைல் கட்டுகிறவன் சொல்கிறேன். கணக்கைத் தப்பாகச் சொல்லிக்கொடுத்த வாத்தியார் மேல் ஒரு மனுவும் வந்து நான் பார்த்ததில்லை. சாமி பேச்சை எடுத்தவர்கள் மேல் வந்திருக்கிறது.

உனக்குத் தகுதிகாண் பருவம் முடிய இன்னும் எட்டு மாதம் இருக்கிறது. அது முடிகிறவரை உன்னை வீட்டுக்கு அனுப்ப ஒரே ஒரு தாள் போதும். இந்த வேலை எப்படி வந்தது என்று நினைத்துப் பார். நீ அம்மை போட்டுப் படுத்திருந்தாய். விண்ணப்பத்துக்குக் கடைசி நாள். உன் கையெழுத்தையும் நானே போட்டுக் கொடுத்தேன். என் கையெழுத்தைவிட உன் கையெழுத்துத்தான் எனக்கு நன்றாக வருகிறது என்று அஞ்சுகம் இன்றைக்கும் கேலி செய்கிறாள். அப்படி வாங்கின வேலையை வாயால் கெடுத்துக்கொள்ளாதே.

உடம்பைப் பார்த்துக்கொள்.
அண்ணன்,
பூமிநாதன்


உ
பூவம்
12-7-1979

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். தைலம் வந்தது. அம்மா பாதியைத் தனக்குத் தேய்த்துக்கொண்டு மீதியை எதிர்வீட்டுக்குத் தானம் செய்துவிட்டது. சின்னவன் விழுந்த பல்லை என்ன செய்தான்?

நீங்கள் பயந்தபடி ஒன்றும் நடக்கவில்லை. மாங்கனி முடிந்து சலோமி நோட்டைக் கொண்டுவந்தாள். ஏழு பக்கம் எழுதியிருக்கிறாள். சாமி வீதியில் வரும்போது மொட்டை மாடிகளிலிருந்து மாம்பழம் வீசுவதையும், ஒருத்தர் தோளில் ஒருத்தர் ஏறிப் பிடிப்பதையும், மிதிபட்ட பழத்தின் வாசனை மறுநாளும் வீதியில் இருந்ததையும் பார்த்தேன், பார்த்தேன் என்று எழுதியிருக்கிறாள். கோயில் வீதியில் பூ விற்கிற வடிவாம்பாளிடம் கேட்டது தனியாக இருக்கிறது. "பிள்ளை இல்லாத பெண்கள் இந்தப் பழத்தைப் பிடித்துச் சாப்பிட்டால் பிள்ளை பிறக்கும் என்று நம்புகிறார்கள். சொன்னவர்: வடிவாம்பாள். அவருக்கு அப்படித்தான் மூத்த மகன் பிறந்தானாம்." நான் வகுப்பில் அதை வாசித்தபோது ஒருவரும் சிரிக்கவில்லை. கபீர் மட்டும் "எங்க தெருவுலயும் சில பேரு ஓடிப்போயிப் புடிப்பாங்க டீச்சர்" என்றான்.

அவள் பாவாடையிலும் ஒரு பழம் வந்து விழுந்ததாம். "பழம் என்னாச்சு?" என்று கேட்டேன். "வீட்டுல குடுத்துட்டேன்" என்றாள். யாரிடம் என்று நோட்டில் இல்லை. நானும் தோண்டவில்லை.

எனக்கு இந்த வேலை பிடித்திருக்கிறது அண்ணா. இதை நான் யாரிடமும் இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை.

அல்லி


உ
பூவம்
26-7-1979

அண்ணனுக்கு,

அம்மா சுகம். நான் சுகமில்லை.

சலோமிக்குச் செல்வம்மாள் என்று ஓர் அக்கா இருக்கிறாள். டவுனிலேயே பிலோமின்ராஜ் என்பவருக்குக் கட்டிக்கொடுத்து ஆறு வருஷம் ஆகிறது. பிள்ளை இல்லை. சலோமி அந்தப் பழத்தை அவளிடம்தான் கொடுத்திருக்கிறாள். அவள் தோலோடு தின்றுவிட்டு, கொட்டையை எறிய மனசு வராமல் துணியில் சுற்றித் துணிப் பெட்டியில் வைத்திருக்கிறாள். மாமியார் அதைக் கண்டுபிடித்துவிட்டார். ஆறு வருஷமாக ஒரு சாக்குத் தேடிக்கொண்டிருந்த மனுஷிக்கு மாங்கொட்டை கிடைத்தது. "வேத்துச் சாமி பழத்தத் தின்னுட்டு எங்க வீட்டுல புள்ள பெக்க வேணாம்" என்று செல்வம்மாளைப் பிறந்த வீட்டில் கொண்டுவந்து விட்டுவிட்டார்கள்.

பள்ளிக்கூடத்தில் மதம் மாற்றுகிறார்கள் என்று மாதா கோயில் பக்கம் கையெழுத்து வாங்குகிறார்கள். எங்கள் சாமிப் பழத்தை வைத்துக் கிறிஸ்தவப் பிள்ளைக்குச் சோதனை நடத்தினார்கள், ‘நம்புகிறார்கள்’ என்று எழுதிக் கேலி செய்தார்கள் என்று கோயில் பக்கம் கையெழுத்து வாங்குகிறார்கள். இரண்டு பக்கமும் ஒன்று சேர்ந்து இந்த ஊரில் நான் பார்த்த முதல் காரியம் இதுதான்.

மரியசூசை பள்ளிக்கு வந்தார். சிமெண்ட் அப்பிய கையைக் கட்டிக்கொண்டு நின்றார். சத்தம் போடவில்லை. "டீச்சர், நீங்க அனுப்பிப் போனாளா, தானாப் போனாளா? அத மட்டும் சொல்லுங்க. நீங்க அனுப்புனதுன்னா அது பாடம். சம்பந்தி காலுல விழுந்தாவது சொல்லிக்குவேன். தானாப் போனான்னா அவ இனிமே பள்ளிக்கூடம் வர வேணாம்" என்றார்.

"நான்தாங்க அனுப்புனேன்" என்றேன்.

"அத எழுத்துல குடுங்க. வாயால சொன்னா அவுங்க கேக்க மாட்டாங்க."

மருதையன் சார் குறுக்கே வந்துவிட்டார். மேலே மனு போயிருக்கிறது, மெமோ வரும், அதுவரை வெளியாள் யாருக்கும் எழுத்தில் ஒன்றும் கொடுக்கக் கூடாது என்றார். ஆபீசுக்கு நான் கொடுக்கிற பதில்தான் மரியசூசைக்கும் வரும் என்று சொல்லி அவரை அனுப்பினேன். அவர் தலையாட்டிவிட்டுப் போனார். சலோமி வகுப்பில் உட்கார்ந்திருக்கிறாள், ஆனால் கையைத் தூக்குவதில்லை. எனக்குச் சோறு இறங்கவில்லை அண்ணா. என்ன செய்யட்டும்?

அல்லி


புதுச்சேரி
31-7-1979

தங்கை அல்லிக்கு,

இங்கே எல்லோரும் சுகம். நீ மனசைத் தளர விடாதே, வேளைக்குச் சாப்பிடு.

இரண்டு மனுவும் வந்துவிட்டன. என் மேஜை வழியாகத்தான் உள்ளே போயின. இரண்டும் ஒரே டைப் மெஷினில் அடித்தவை, ‘ம’ எழுத்து இரண்டிலும் சாய்ந்திருக்கிறது. எங்கள் ஆபீஸ் பெரியவர் படித்துவிட்டு, "இது உங்க தங்கச்சிதானே?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். நான் பதினோரு வருஷத்தில் அப்படித் தலைகுனிந்ததில்லை.

வழி ஒன்று இருக்கிறது. விளக்கம் இப்படி எழுது: "மேற்படி மாணவி தன் இஷ்டப்படி திருவிழாவுக்குச் சென்றாள். அதற்கும் எனக்கும் சம்பந்தமில்லை. மதம் பற்றிய பாடம் எதையும் நான் நடத்தவில்லை." மூன்று வரி. கையெழுத்துப் போட்டு மறு தபாலில் அனுப்பு. எச்சரிக்கையோடு விடுவார்கள். நோட்டுகளை வாங்கி அடுப்பில் போடு.

சின்னப் பிள்ளை, நாலு நாள் திட்டு வாங்கும், மறந்துபோகும். உன் வேலை போனால் போனதுதான். அம்மாவை நினை. எனக்கும் இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள்.

பூமிநாதன்


உ
பூவம்
5-8-1979

அண்ணனுக்கு,

இங்கே சுகம். அண்ணியையும் பிள்ளைகளையும் விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

அந்த மூன்று வரியில் நான் கையெழுத்துப் போட மாட்டேன். நாலு நாள் திட்டோடு போகிற விஷயமில்லை. அவள் அப்பா என் எழுத்துக்காகக் காத்திருக்கிறார். நான் அனுப்பினேன் என்றால் அவள் படிப்பாள். இல்லை என்றால் அவள் படிப்பு இந்த ஆகஸ்டோடு முடிந்தது. ஒரு பிள்ளையின் கழுத்தை மிதித்து நின்றுகொண்டு எட்டாவது மாதம் வேலை நிரந்தரமாகி நான் யாருக்கு என்ன பாடம் நடத்துவது?

தப்பு என்னிடமும் இருக்கிறது, அதையும் உங்களிடம் சொல்கிறேன். அவங்க சொல்றாங்கன்னு மட்டும் எழுது என்று பெருமையாகச் சொன்னேன். வீட்டில் ஓர் அக்கா ஆறு வருஷமாக அழுதுகொண்டிருந்தால், அந்தப் பிள்ளை எழுதிவிட்டு மட்டும் எப்படி இருக்கும் என்று நான் யோசிக்கவில்லை. அவள் நம்பினாளா என்றுகூட எனக்குத் தெரியாது. ஒருவேளை இருந்தால் என்று நினைத்திருப்பாள். ஒருவேளை என்று நினைப்பதற்கு என் சட்டத்தில் இடம் வைக்க மறந்துவிட்டேன்.

என் விளக்கத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். "சலோமி என்ற மாணவியை மாங்கனித் திருவிழாவைப் பார்த்து எழுதிவர அனுப்பியது நான்தான். அது பாடத்தின் பகுதி. எந்த மதத்தையும் பின்பற்றவோ விடவோ யாரையும் நான் சொல்லவில்லை. மாணவி மீது தவறில்லை." மருதையன் சார் இதை மேலே அனுப்ப மறுக்கிறார். "வேற மாதிரி எழுதிட்டு வாங்கம்மா" என்கிறார். அதனால் உங்களிடம் அனுப்புகிறேன். உங்கள் கையால் பெரியவர் மேஜையில் வைத்துவிடுங்கள். என்ன வந்தாலும் நான் உங்களைக் குறை சொல்ல மாட்டேன்.

அல்லி


[அஞ்சல் அட்டை]

பூவம்
27-8-1979

அண்ணனுக்கு. அம்மா சுகம். மூன்று வாரம் ஆயிற்று, பதில் இல்லை. பிள்ளைகளுக்கு உடம்புக்கு ஏதுமா? கொடுத்தீர்களா என்று ஒரு வார்த்தை எழுதுங்கள். மரியசூசை தினமும் பள்ளி வாசலில் என் முகத்தைப் பார்த்துவிட்டுப் போகிறார்.
அல்லி


புதுச்சேரி
9-9-1979

தங்கைக்கு,

சுகம். பெரியவனுக்குக் காய்ச்சல் வந்து சரியாகிவிட்டது. இங்கே நல்ல மழை. மாடியில் ஒழுகுகிறது, வீட்டுக்காரர் பார்க்கிறேன் பார்க்கிறேன் என்கிறார். அஞ்சுகம் உனக்கு ஊதா நிறத்தில் ஒரு சேலை எடுத்து வைத்திருக்கிறாள், தீபாவளிக்குக் கொண்டுவருகிறோம்.

ஃபைல் முடிந்தது. எச்சரிக்கையோடு விட்டுவிட்டார்கள். உத்தரவு பள்ளிக்கு வரும். இனி அதைப் பற்றி எழுதாதே. அம்மாவைப் பார்த்துக்கொள்.

பூமிநாதன்


சே.ம.சூ.
தஞ்சாவூர்
4-10-1979

மதிப்புக்குரிய டீச்சர் அவர்களுக்கு,

மாணவி சலோமி எழுதிக்கொள்வது. நான் சுகமாக இருக்கிறேன். நீங்கள் சுகமா? கபீர் சுகமா? இங்கே ஒரு வீட்டில் இரண்டு சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறேன். சாப்பாடு நல்லாப் போடுகிறார்கள். இந்த இன்லண்டு அவர்கள் கொடுத்தது. வீட்டுக்கு எழுதச் சொல்லிக் கொடுத்தார்கள், நான் உங்களுக்கு எழுதுகிறேன்.

போன மாதம் தலைமையாசிரியர் சார் அப்பாவைக் கூப்பிட்டு, ஆபீசிலிருந்து வந்தது என்று நீங்கள் எழுதிக்கொடுத்ததைப் படித்துக் காட்டினார். மேற்படி மாணவி தன் இஷ்டப்படி திருவிழாவுக்குச் சென்றாள், அதற்கும் எனக்கும் சம்பந்தமில்லை என்று இருந்தது. அப்பா நம்பவில்லை. அது டீச்சர் கையெழுத்துத்தானா என்று என்னைப் பார்க்கச் சொன்னார். நான் என் ரிப்போர்ட்டு கார்டை எடுத்து வைத்துப் பார்த்தேன். அது உங்கள் கையெழுத்துத்தான் டீச்சர்.

அப்பா அடிக்கவில்லை. "எனக்குப் பொய் சொன்னது நீயா அந்த அம்மாவா?" என்று கேட்டார். எழுத்து உங்கள் பக்கம் இருந்தது. என்னை வீட்டில் வைத்திருந்தால் அக்காவைக் கூட்டிக்கொள்ள மாட்டோம் என்று மாமா வீட்டில் சொல்லிவிட்டார்கள். அதனால் என்னை இங்கே கொண்டுவந்து விட்டார்கள். அக்கா இப்போது மாமா வீட்டில் இருக்கிறது.

ஒன்று நான் யாரிடமும் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன். பழம் வேண்டும் என்று அக்காதான் கேட்டது. நான் திருவிழாவுக்குப் போகிறேன் என்று சொன்ன அன்றே கேட்டது. என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டது. நானாகக் கொடுத்தேன் என்று எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். அக்கா கேட்டது என்றால் கூட்டிக்கொள்ள மாட்டார்கள். நீங்களும் யாரிடமும் சொல்லாதீர்கள்.

நோட்டு என்னிடம் இருக்கிறது. பதில் எழுத வேண்டாம், இங்கே பிரித்துப் பார்ப்பார்கள்.

இப்படிக்கு,
ம. சலோமி
ஏழாம் வகுப்பு


பூவம்
12-10-1979

அண்ணனுக்கு,

அம்மா சுகம். இந்தக் கடிதத்தை அண்ணி முன்னால் பிரிக்காதீர்கள்.

போன மாதம் காரணம் தெரியாமல் வகுப்பிலிருந்து நின்றுபோன சலோமி தஞ்சாவூரிலிருந்து எழுதியிருக்கிறாள். மேற்படி மாணவி தன் இஷ்டப்படி என்கிற வரியை அவள் எனக்கு எழுதுகிறாள். அந்த வரி இந்த உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். எழுதினவருக்கும், கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொன்னவளுக்கும்.

அன்று விண்ணப்பத்தில் போட்டீர்கள், காலமெல்லாம் நன்றியோடு இருந்தேன். இதிலும் எனக்காகத்தான் போட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். அது தெரிவதால்தான் நெஞ்சு வெடிக்கிறது. வேறு யாராவது செய்திருந்தால் வாசலில் நின்று மண்ணை வாரித் தூற்றியிருப்பேன். உங்களை என்ன செய்வது?

நாலு நாள் யோசித்தேன். அது என் கையெழுத்தில்லை என்று எழுதினால் அந்தப் பிள்ளைக்கு விடிவு உண்டு, உங்களுக்கு வேலையும் போய்ச் சிறையும் உண்டு. எழுதாமல் விட்டால் நாம் இரண்டு பேரும் வேலையில் இருப்போம், அவள் தஞ்சாவூரில் யார் வீட்டுப் பிள்ளைக்கோ மூக்குத் துடைத்துக்கொண்டிருப்பாள். அவள் தன் அக்காவுக்காக எதையோ தன் தலையில் போட்டுக்கொண்டு வாயை மூடியிருக்கிறாள். என்னவென்று சொல்ல எனக்கு உரிமையில்லை. பன்னிரண்டு வயசு அவளுக்கு. அவளுக்கு முடிந்தது எனக்கு முடியாதா என்று கேட்டுக்கொண்டேன்.

இன்று காலை காரைக்கால் தபாலாபீசில் பெரியவருக்குப் பதிவுத் தபால் போட்டுவிட்டேன். நகல் மரியசூசைக்கும் கொடுத்துவிட்டேன். நீங்களும் பார்க்கத்தானே போகிறீர்கள், இங்கேயே எழுதுகிறேன்: "சென்ற ஆகஸ்டில் நான் கையெழுத்திட்டு அளித்த விளக்கம் பொய். வேலைக்குப் பயந்து அவ்வாறு எழுதினேன். மாணவி சலோமியைத் திருவிழாவுக்கு அனுப்பியது நான்தான். அவள் சொன்னதே உண்மை."

நான் கையெழுத்திட்ட என்று எழுதியிருக்கிறேன். புரிகிறதா? யார் கேட்டாலும் அது என் கையெழுத்துத்தான். நீங்கள் ஒரு வார்த்தை பேச வேண்டாம்.

ஊதாச் சேலை வேண்டாம்.

அல்லி


புதுச்சேரி
18-11-1979

அன்புத் தங்கை அல்லிக்கு,

இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதக் கை வரவில்லை. பிள்ளைகள் சுகம்.

உன் பதிவுத் தபாலைப் பிரித்துப் பதிவு செய்தவன் நான். பெரியவர் படித்துவிட்டு, "முன்னே ஒரு பேச்சு, பின்னே ஒரு பேச்சு. இப்படிப்பட்ட ஆள் பிள்ளைகளுக்கு எதைச் சொல்லிக்கொடுக்கும்?" என்றார். நான் நின்றுகொண்டிருந்தேன். வாய் வரைக்கும் வந்தது. அப்போது சின்னவன் பல் விழுந்த வாயோடு சிரிக்கிற முகம் ஞாபகம் வந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும் என்று தினமும் நினைக்கிறேன், தினமும் ஆபீசுக்குப் போய் வருகிறேன்.

உத்தரவை டைப் அடிக்க என்னிடமே கொடுத்தார்கள். "தகுதிகாண் பருவத்தில் நடத்தை திருப்தியளிக்காததால் பணி முடிக்கப்படுகிறது." மூன்று நகல். கார்பன் வைக்கத் தோன்றாமல் மூன்று தடவை அடித்தேன். மூன்று தடவையும் உன் பெயரில் தப்பு வந்தது, ரப்பர் போட்டு அழித்து அடித்தேன்.

உன்னுடைய உண்மையான விளக்கம் என் மேஜை இழுப்பறையில்தான் இருக்கிறது. கிழிக்கவும் முடியவில்லை, வெளியே எடுக்கவும் முடியவில்லை. ஆகஸ்ட் மாதம் முழுக்க அதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். விளக்கத்துக்குக் கொடுத்த கெடு முடிகிற அன்று மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போயிருந்தபோது மற்றதை எழுதினேன். உன் கையெழுத்து ஒரே தடவையில் வந்துவிட்டது. அன்று அதற்குச் சந்தோஷப்பட்டேன் என்று சொன்னால் நீ என்னைக் காறித் துப்புவாய்.

மாதாமாதம் அம்மாவுக்கு அனுப்புவதோடு உனக்கும் சேர்த்து அனுப்புகிறேன். என்னை மன்னிப்பாயா என்று கேட்க எனக்கு வாயில்லை, இருந்தும் கேட்கிறேன். ஒரு வரி எழுது.

உன் அண்ணன்,
பூமிநாதன்


உ
பூவம்
2-12-1979

அண்ணனுக்கு,

அம்மா சுகம், முழங்கால் மட்டும்தான். சின்னவனுக்குப் புதுப் பல் முளைத்துவிட்டதா? மழையில் பிள்ளைகளை நனைய விடாதீர்கள் என்று அண்ணியிடம் சொல்லுங்கள்.

உத்தரவு வந்தது. வகுப்பறைச் சாவியைக் கொடுத்துவிட்டு வந்தேன். நீதிபோதனைப் பீரியடில் மறுபடியும் பாட்டுப் பாடுகிறார்களாம். கபீர் வாயை அசைக்கிறானாம்.

மரியசூசை நகலை வாங்கிக்கொண்டு போன அன்றே அதை இரண்டு பேரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லிக் கேட்டாராம். பிறகு சம்பந்தி வீட்டு வாசலில் நின்று, "பொய் சொன்னது வாத்தியாரம்மாதான், எம்பொண்ணு இல்ல" என்று தெரு கேட்கச் சொல்லியிருக்கிறார். மறுநாள் விடியற்காலை பஸ்ஸில் தஞ்சாவூர் போய் அவளைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். மாமியார் முணுமுணுத்திருக்கிறார், ஆனால் செல்வம்மாளைத் திருப்பி அனுப்பவில்லை. சலோமி பள்ளிக்குப் போகிறாள். அரைப் பரீட்சை எழுதுவாள். நான் கேட்டது கிடைத்துவிட்டது.

நேற்று அவள் பூவத்துக்கு வந்தாள். தனியாக, பஸ் ஏறி, நோட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தாள். அம்மா கொடுத்த மோரைக் குடிக்கவில்லை. முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த எனக்கு எதிரே தரையில் உட்கார்ந்து நோட்டைப் பிரித்தாள். உச்சியில் சே.ம.சூ. போட்டாள். மாங்கனிக்கு அடுத்த பக்கம் அது.

"டீச்சர், ஒண்ணு கேக்கலாமா?"

"கேளு."

"மொதல்ல ஏன் அப்புடிப் பொய் எழுதுனீங்க?"

அண்ணா, நான் அவளிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாம். அவள் யாரிடமும் சொல்ல மாட்டாள். வாயை மூடிக்கொள்ளத் தெரிந்த பிள்ளை என்று எனக்குத் தெரியும். ஆனால் அவள் தலையில் ஏற்கெனவே ஒரு ரகசியம் இருக்கிறது. இரண்டாவதை வைக்க மனசு வரவில்லை. இந்த ஊரில் அவள் ஒருத்தியாவது என்னைப் பொய்க்காரி இல்லை என்று நினைக்க வேண்டும் என்று எனக்கு எவ்வளவு ஆசை இருந்தது என்று உங்களுக்குச் சொல்லிப் புரியாது.

"பயந்துட்டேன்" என்றேன்.

நான் கற்றுக்கொடுத்த மாதிரியே எழுதினாள். "வேலை போய்விடும் என்று பயந்து பொய் எழுதியதாகச் சொல்கிறார். சொன்னவர்: அல்லி டீச்சர்." எழுதிவிட்டுப் பேனாவை மூடாமல் என் கையைப் பார்த்தாள். புடைத்த அரிசி முறத்தைத் தாண்டித் தரையெல்லாம் சிந்தியிருந்தது. பிறகு என் முகத்தைப் பார்த்தாள்.

"இத நான் நம்பணுமா டீச்சர்?" என்றாள்.

"நம்பவும் வேணாம், நம்பாம இருக்கவும் வேணாம்" என்றேன். "சொன்னாங்கன்னு மட்டும் எழுது."

அவள் நோட்டை மூடி வைத்துவிட்டு, சிந்திய அரிசியைப் பொறுக்கிக் கொடுத்துவிட்டு, நாலரை மணி பஸ்ஸுக்குப் போனாள்.

அண்ணிக்கும் பிள்ளைகளுக்கும் அன்பு.

அல்லி